கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
8 மார்ச் 2026

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் மணிக்கணக்காகப் பேசிவிட்டு, முக்கியமானதை மட்டும் காகிதத்தில் எழுதுவது ஹாஸ்டல் நாளிலிருந்தே உன் வழக்கம்தானே! வாஸ்துக்காரர் வந்தாராம், ஈசானிய மூலையில் அடுப்பு எரிவதால்தான் பிள்ளைக்கு வரன் தட்டிப்போகிறது என்றாராம். அக்னி மூலைக்கு மாற்றினால் ஆறே மாதத்தில் கெட்டிமேளமாம். கொத்தனார் நாலு லட்சத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். உன் வீட்டுக்காரர் எப்போதும் போல 'உன் இஷ்டம்' என்றுவிட்டார். கடைசியில், "நீதான் சீனர்கள் நடுவில் இருக்கிறாயே, அவர்கள் வாஸ்துவான ஃபெங் சுயி இதற்கு என்ன சொல்கிறது?" என்று ஒரு கேள்வி. கேட்டுவிட்டாய் அல்லவா, பொறுமையாகப் படி.

முதலில் இங்கத்திய சேதி. வேலையை விட்டபிறகு வீட்டில் இருப்பது சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். மகள் பொங்கோல் வீட்டுக்குப் போனதும் அவள் அறை கோடவுன் ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் இஸ்திரி போடவேண்டிய துணியும், பழைய பில்லும், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகைகளும். இவர் தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போவார். நான் சோபாவில், டிவிக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில் முறுக்கு டப்பா. ராத்திரி சாப்பாடு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்றே தெரியாது. பாலிகிளினிக்கில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். நடக்கச் சொன்னார்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். அதெல்லாம் உனக்கும் சொல்லியிருப்பார்கள்.

டிசம்பரில், தோங்சி அன்று, எதிர்வீட்டு ஆண்ட்டி, கான்டனீஸ் பேசும் சீனர், ஒரு கிண்ணத்தில் இஞ்சிப்பாகில் மிதக்கும் அரிசிமாவு உருண்டை கொண்டுவந்தார். குளிர்கால உச்சத்தில், பகல் மிகக் குறுகிய நாளில், அவர்கள் குடும்பத்தோடு சாப்பிடுகிற பண்டம். நம் பால் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். கிண்ணத்தைக் கொடுத்தவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று செருப்பு அடுக்கைப் பார்த்தார். மகளின் பழைய ஸ்கூல் ஷூ உட்பட அங்கே எல்லாம் இருந்தது. கதவு முழுசாகத் திறக்காது, பின்னால் மடக்குநாற்காலி. "வாசல்தான் வீட்டுக்கு வாய். இப்படி அடைத்துவைத்தால் எது உள்ளே வரும்?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மாமியார் இருந்திருந்தால் இதையே 'லட்சுமி எப்படி நுழைவாள்?' என்று கேட்டிருப்பார்.

அன்றிலிருந்து அவரைக் கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். கட்டிலை எங்கே போடுவது என்பதற்கே ஒரு புராணம் உண்டு. படுத்தபடி கதவு கண்ணுக்குத் தெரியவேண்டும், ஆனால் கால் நேராகக் கதவைப் பார்க்கக்கூடாது, ஏனென்றால் பிணத்தைத்தான் கால் முன்னே போக எடுத்துச் செல்வார்கள். கட்டிலுக்கு எதிரே கண்ணாடி ஆகாது. ஒழுகுகிற குழாய் காசை ஒழுகவிடும். ஓடாத கடிகாரம், காய்ந்த செடி இரண்டும் வீட்டில் இருக்கக்கூடாது. இவையெல்லாம் நம் பாட்டிமார் சொல்லாததா?

அதற்கு மேலே போனால்தான் வேடிக்கை. பிறந்த வருஷத்தை வைத்து ஆளுக்கு ஒரு 'குவா' எண், அதன்படி ஆளுக்கு நாலு நல்ல திசை. நான் 1964, எண் 6, மேற்குக் கூட்டம். இவர் 1960, எண் 4, கிழக்குக் கூட்டம். எனக்கு ஆகிற நாலு திசையில் ஒன்றுகூட இவருக்கு ஆகாது. அப்படியானால் ஒரே கட்டிலில் தலை எந்தப் பக்கம்? "ஏர்கான் எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார் இவர்.

செல்வ மூலை கதை இன்னும் மோசம். திசைகாட்டி வைத்துப் பார்ப்பவர்களுக்குச் செல்வம் தென்கிழக்கு. 1980களில் அமெரிக்காவில் லின் யுன் என்பவர் பரப்பிய முறையில் திசையே கிடையாது. வாசலில் நின்று உள்ளே பார்த்தால் இடது கோடிதான் செல்வம். எங்கள் வாசல் மேற்கே. ஆக ஒரு கணக்கில் எங்கள் செல்வ மூலை கழிவறை, இன்னொரு கணக்கில் மகளின் கோடவுன் அறை. உனக்கு ஈசானியம் என்று பயமுறுத்துகிற அதே வடகிழக்கு, இவர்களின் எட்டுத் திசைக் கட்டத்தில் மலைக்குரியது, படிப்புக்கும் அமைதிக்குமான இடம். அதையே பேய் வாசல் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதில் எந்த ஆளைக் கூப்பிட்டு நாலு லட்சம் கொடுப்பாய், சொல்?

பெரிய இடங்களிலும் இதே கதைதான். இங்கே மரீனா பக்கம் 165 மீட்டர் உயரத்தில் ஒரு ராட்டினம், சிங்கப்பூர் ஃபிளையர். நீ வந்தபோது தலைசுற்றுகிறது என்று ஏறமாட்டேன் என்றாயே, அதேதான். 2008இல் திறந்தார்கள். அது சுற்றுகிற திசை ஊரின் அதிர்ஷ்டத்தை வெளியே அள்ளிக்கொண்டு போகிறது என்று ஃபெங் சுயி நிபுணர்கள் சொல்ல, அந்த ஆகஸ்டிலேயே எதிர்த்திசையில் சுற்றவிட்டார்கள். அடுத்த மாதம் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி கவிழ்ந்தது, இங்கே அதோடு சம்பந்தப்பட்ட பத்திரங்களில் பணம் போட்ட வயசானவர்கள் பலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ராட்டினத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் அதைத் திருப்பியதால் ஒன்றும் நிற்கவில்லை.

வசந்தா, யோசித்துப் பார்த்தால் இந்த விதிகளில் பாதி, அந்தந்த மண்ணின் காற்றும் வெயிலும்தான். இந்தக் கலையே கல்லறைக்கு இடம் பார்ப்பதில் வேர்விட்டது. குவோ பு (276–324) எழுதியதாகச் சொல்லப்படும் 'அடக்க நூல்'தான் இவர்களுக்கு ஆதிநூல்களில் ஒன்று. வட சீனாவில் பனிக்காலக் காற்று வடக்கிலிருந்து ஊசியாகக் குத்தும். அதனால் முதுகுக்கு மலை, முகத்துக்குத் தெற்கு வெயில். காற்று வீட்டுக்குள் புகுந்து நேரே வெளியேறக்கூடாது, முன்வாசலும் பின்வாசலும் ஒரே கோட்டில் இருந்தால் நல்லதெல்லாம் ஓடிப்போகும் என்பார்கள். இப்போது உன் வீட்டை நினைத்துப்பார். திண்ணையில் உட்கார்ந்தால் ரேழி, முற்றம், கூடம் எல்லாம் தாண்டி கொல்லைக் கிணறு தெரியும். காவிரிக்கரைப் புழுக்கத்தில் காற்று ஒரே வீச்சாக ஓடவேண்டும் என்றுதான் கட்டினவர்கள் அப்படிக் கட்டினார்கள். சீன நிபுணர் கண்ணில் உன் வீடு ஓட்டைப் பானை. உன் தாத்தா கண்ணில் இந்த ஊர் அடுக்குமாடி வீடு அடுப்பு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தத் தீவில் தெற்கு பார்த்தாலும் வடக்கு பார்த்தாலும் ஒன்றுதான். வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும், சீனர், மலாய்க்காரர், நாம், ஒரே குரலில் கேட்கிற கேள்வி 'சாயங்கால வெயில் அடிக்குமா?'

ஆனாலும் எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளவில்லை. எனக்கு உபயோகப்பட்டது திசை அல்ல, தேதி.

எதிர்வீட்டு ஆண்ட்டி எனக்கு ஒரு கிழிக்கிற காலண்டர் கொடுத்தார். நம் நாள்காட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். நம்முடையதில் ராகுகாலம், எமகண்டம், கௌரி. அவர்களுடையதில் இன்றைக்கு எது செய்யலாம், எது கூடாது: முடி வெட்டலாம், பயணம் போகலாம், மண் தோண்டக்கூடாது. கட்டில் போடுவதற்கென்றே தனியாக நல்லநாள் உண்டடி! வருஷத்தை 24 துண்டாகப் பிரித்து, ஏறக்குறைய பதினைந்து நாளுக்கு ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். சூரியன் போக்கை வைத்த கணக்கு, நம் மாதப் பிறப்பு மாதிரியே. 2016இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். இப்போது நடப்பது பூச்சிகள் விழித்தெழும் பருவம், மார்ச் 5 வாக்கில் தொடங்குவது. இங்கே பூச்சி என்றைக்கு உறங்கிற்று? அந்த நாளில் ஹாங்காங்கில் கனால் ரோடு மேம்பாலத்தடியில் கிழவிகள் குந்தியிருந்து, காகிதத்தில் வெட்டின ஆள் உருவத்தைப் பழைய செருப்பால் அடிஅடியென்று அடித்து நொறுக்குவார்கள். நமக்குத் தொல்லை கொடுக்கிற அற்பர்கள் பேரைச் சொல்லி அடிக்கச் சொல்லலாம், காசு கொடுத்தால் போதும். என் பழைய ஆபீஸ் ஆட்கள் நாலைந்து பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

உனக்கு இப்போது பின்பனி. விடியற்காலையில் முற்றத்துத் துளசி நனைந்திருக்கும். தொல்காப்பியர் பிரித்த ஆறு பொழுதும் கும்பகோணத்தில் ஏதோ ஒரு அளவுக்காவது வந்துபோகும். இங்கே டிசம்பரில் அடைமழை, ஜூனுக்கு மேல் சில விடியல்களில் சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று, மற்றபடி ஒரே வேக்காடு. பருவம் வந்து கதவைத் தட்டாத ஊரில் காலண்டர்தான் தட்டவேண்டியிருக்கிறது.

போகிக்கு இங்கே எதையும் கொளுத்த முடியாது, தெரியுமே. ஆனால் சீனப் புத்தாண்டுக்கு முன்னால் தாழ்வாரம் பூராவும் பழைய சோபா, மெத்தை, ஃபேன். கான்டனீஸ்காரர்கள் பன்னிரண்டாம் மாதம் இருபத்தெட்டாம் நாளுக்குள் வீட்டைக் கழுவி முடிக்கவேண்டும் என்பார்கள், முதல் நாள் துடைப்பத்தைத் தொட்டால் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடுவோமாம். இந்த வருஷம் புத்தாண்டு பிப்ரவரி 17. போகியில் தொடங்கி அதற்குள் முடிப்பது என்று நானும் ஆண்ட்டியும் பேசிக்கொண்டோம்.

முதலில் வாசல். பிறகு அந்த அறை. கரங்குனிக்காரர், அதான் பழைய சாமான் வாங்குகிறவர், ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது செய்தித்தாளும் பழைய மிக்சியும் போயின. மகளின் நோட்டுப் புத்தகங்களை அவளையே கூப்பிட்டுப் பிரிக்கச் சொன்னேன். ஒரு மூட்டை எடுத்துப்போனாள், மற்றதைத் தூக்கிப்போடம்மா என்றாள். அவளுக்கு ஒரு நிமிஷம், எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

கடைசியாகச் சாப்பாட்டு மேஜை. சுவரோரம், அலமாரிக்கு அடியில் இருந்ததை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்தோம். மேலே ஒன்றும் இருக்கக்கூடாது என்று சட்டம், தண்ணீர்ச் சொம்பு மட்டும். சோபாவைத் திருப்பிப்போட்டேன், இப்போது மேஜையிலிருந்து டிவி தெரியாது. முறுக்கு டப்பா ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். அவ்வளவுதான் என் ஃபெங் சுயி. ராத்திரி ஏழரைக்கு இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். முதல் வாரம் பேச ஒன்றும் இல்லாமல் முழித்தோம். இப்போது இவர் டாக்ஸியில் ஏறின ஆட்களைப் பற்றி ஒரே கதை. சர்க்கரைக்கு அடுத்த பரிசோதனை மே மாதம், அப்போது தெரியும்.

இடத்தை மாற்றினால் கை மாறுகிறது, கை மாறினால் பழக்கம் மாறுகிறது. அதற்குத் திசைகாட்டி வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆண்ட்டி வாசலில் நின்று கேட்காமல் இருந்திருந்தால் நான் எழுந்தே இருக்கமாட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகள் வீடு குடிபுகும்போது நடந்ததை உனக்குச் சொன்னேனா? நாம் பால் காய்ச்சினோம். மாப்பிள்ளையின் சீன நண்பன் ஒரு அன்னாசிப்பழத்தோடு வந்து, வாசலிலிருந்து உள்ளே உருட்டி "ஹுவாட் ஆ!", செல்வம் பெருகட்டும், என்று கத்தினான். பழம் நேரே அடுப்படிக்கு ஓடிற்று. சம்பந்தியம்மாள் அதையும் எடுத்து மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார்.

இந்த மாதம் இன்னொன்று பார்த்தேன். சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளும் உங்கள் ஊர் மாசி மகமும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வந்தன. நீ மகாமகக் குளத்தில் தலை முழுகியபோது இங்கே கீழ்த்தளத்தில் ஆண்ட்டி வீட்டுப் பேரன்கள் சிவப்பு விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஏப்ரல் 5 சிங் மிங். கல்லறை கூட்டித் துடைக்க ஆண்ட்டி சுவா சூ காங் போகவேண்டும், இவர் டாக்ஸியில்தான் அழைத்துப்போகிறார்.

சரி, உன் அடுப்படி. கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் விழுகிற அந்த அறையில்தான் உன் மாமியார் இருபது பேருக்குச் சமைத்து, நாலு பிள்ளைகளுக்குக் கல்யாணமும் செய்துவைத்தார். அப்போது ஈசானியம் வேறு பக்கமா இருந்தது? பையனுக்கு வரன் அமையாததற்குக் காரணம் சுவரில் இல்லையடி. அவன் என்ன கேட்கிறான் என்று நீங்கள் இருவரும் இன்னும் அவனை உட்காரவைத்துக் கேட்கவில்லை. கடிதத்தில் நாலு பக்கம் வாஸ்து இருக்கிறது, அவன் பேச்சு ஒரு வரி இல்லை.

உனக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், ரேழியில் பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறதே, உன் மாமனாரின் பூட்டுத் திறக்காத இரும்புப் பீரோ, அதை எடு. சித்திரை பிறப்பதற்குள் முடி, இல்லாவிட்டால் ஆடி வந்துவிட்டது, ஆகாது என்று உன் வீட்டுக்காரர் கார்த்திகைக்குத் தள்ளிவிடுவார். சாவி செய்கிறவனைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்து எனக்கும் எழுது. உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு ஆசை.

கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா, அதை மட்டும் உடனே வாட்ஸ்அப்பில் சொல். ஜூன் விடுமுறையில் மகள் குடும்பத்தோடு வருவதாகப் பேச்சு, அந்த அடுப்படியில்தான் எனக்குக் காப்பி வேண்டும்.

உன்,
மீனாட்சி