குரூப் 4 வினாத்தாள் எழுதும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

நீங்கள் யார், எந்த ஊர், எந்தப் பள்ளியில் அல்லது கல்லூரியில் பாடம் எடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது, அதுதான் முறை. தமிழ்நாடு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி என்கிற அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்துகிற அடுத்த குரூப் 4 தேர்வுக்குக் கேள்வி எழுதித் தரப்போகிற ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அவர் கண்ணில் இது பட்டுவிடாதா என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம் தள்ளி எங்கள் ஊர். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுத்துப்பட்டு ஏழெட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் போடுவதும், ஹால் டிக்கெட் எடுப்பதும், பழைய வினாத்தாள் பிரிண்ட் போடுவதும் இங்கேதான். நானும் 2018, 2019, 2022 என்று மூன்று தடவை எழுதினேன், கிடைக்கவில்லை. அப்புறம் கல்யாணம், கடை என்று ஆகிவிட்டது. ஆனாலும் படிக்கிற பிள்ளைகளோடு இருந்த பழக்கம் போகவில்லை, ராத்திரி ஷட்டர் இறக்கப் போகும்போது யாராவது ஒருவர் புணர்ச்சி விதியிலோ கூட்டுவட்டிக் கணக்கிலோ சந்தேகம் கேட்டு நிற்பார்கள், முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேள்வியைச் சுலபமாகக் கொடுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. 2022-இல் 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். 2025 ஜூலை 12 அன்று நடந்த தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935, எழுதியவர்கள் 11 லட்சத்துக்கு மேல், கணக்குப் போட்டால் ஒரு இடத்துக்கு ஏறத்தாழ 290 பேர் வருகிறது. இத்தனை பேரைப் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் வினாத்தாள் கடினமாகத்தான் இருந்தாக வேண்டும். எல்லாரும் 190 கேள்வி சரியாகப் போட்டுவிட்டால் கட் ஆஃப் எங்கேயோ ஏறி நிற்கும், ஓஎம்ஆர் தாளில் ஒரே ஒரு வட்டத்தை அவசரத்தில் மாற்றிக் கருப்படித்த பிள்ளை வெளியே போய்விடும், அதுவும் நியாயம் இல்லை. ஆகவே கடினமாகக் கேளுங்கள். ஆனால் அந்தக் கடினம் பாடப்புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அரசு வேலைக்கான தேர்வுகளிலேயே கையில் காசு இல்லாத ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்து படித்து ஜெயிக்கலாம் என்று நம்பி இறங்குகிற தேர்வு இது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். முதல்நிலை, முதன்மை, நேர்முகம் என்று கிடையாது, ஒரே தேர்வு, 200 கேள்வி, 300 மதிப்பெண், அவ்வளவுதான். படிக்க வேண்டிய புத்தகம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அரசாங்கமே அச்சடித்துப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்த புத்தகம். பழைய பேப்பர் கடையில் கேட்டால் எடைக்குக் கிடைக்கும், அது இல்லாவிட்டால் போனில் பிடிஎஃப் இறக்கிக்கொள்ளலாம். பணக்கார வீட்டுப் பையனும் அதைத்தான் படிக்கிறான், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்ணும் அதைத்தான் படிக்கிறாள். இந்த ஒரு இடத்தில்தான் இரண்டு பேரும் சமமாக நிற்கிறார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் என்று சும்மா சொல்லவில்லை. என் கடைக்கு வருகிற ஒரு தங்கை பகலெல்லாம் அங்கே பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை பார்க்கிறாள். அடைக்கிற கணக்குக்குத்தான் கூலி, கை நின்றால் காசு நின்றுவிடும். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ‘நூல் வெளி’ என்று ஒரு பெட்டி வருமே, ஆசிரியர் யார், எந்த நூலில் இருந்து எடுத்தது என்று, அதை எல்லாம் ராத்திரி தன் குரலிலேயே போனில் பேசிப் பதிந்து வைத்துக்கொண்டு, பகலில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே குச்சி அடைப்பாள். கலைச்சொற்களும் அப்படித்தான். கணக்கு மட்டும் காதால் கேட்டுப் படிக்க முடியாது என்பதால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை. அவளுடைய எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் வேறு யாரோ ஒரு பையன் பேரும் ‘எட்டு ஆ’ என்றும் எழுதியிருக்கும்.

போன மாதம் ஒருநாள் டெலிகிராமில் வந்த ஒரு மாதிரித் தேர்வை பிரிண்ட் எடுக்க வந்தாள். ஏதோ ஒரு தனியார் பயிற்சி மையம் போட்டது, பேர் வேண்டாம். கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து தமிழ்ப் பகுதியை எழுதிப் பார்த்தாள். பழைய வினாத்தாள்களில் நூற்றுக்கு 85-க்குக் குறையாமல் போடுகிற பெண், அன்றைக்கு 38. தாளை வாங்கிப் பார்த்தேன். யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்காத ஏதோ ஒரு நூலின் பதிப்பாண்டு, ஒரு புலவரின் ஊரில் ஓடுகிற ஆற்றின் பேர், பட்டப்படிப்புத் தமிழில் வருகிற உரையாசிரியர் கருத்து வேறுபாடு, இப்படியே வரிசையாக. “இப்போ எக்ஸாம் இப்படித்தான் வருது” என்று மேலே ஒரு வரி வேறு. அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டது இதுதான்: “அண்ணே, இதெல்லாம் எந்தப் புக்குல இருக்கு? அது எவ்வளவு வரும்?”

என்ன பதில் சொல்வேன். எவ்வளவு வரும் என்று எனக்கும் தெரியும், ஒரு செட் மெட்டீரியல், ஒரு டெஸ்ட் பேட்ச், ஒரு ஆறு மாத வகுப்பு என்று கூட்டினால் அவளுடைய பல மாதக் கூலி. இது அந்த மையத்தின் வியாபாரம், காசு கொடுத்து வாங்கினால்தான் தெரியும் என்கிற மாதிரி கேள்வி கேட்டால்தான் அவர்கள் மெட்டீரியல் விற்கும். நான் பயப்படுவது எதற்கு என்றால், உண்மையான வினாத்தாளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால் அந்த மேல்வரி நிஜமாகிவிடும். 2025 தேர்வு முடிந்த அன்று தமிழ்ப் பகுதி ரொம்பக் கடினம் என்று ஊர் ஊராகப் பேச்சு எழுந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எழுதிவிட்டு வருகிறவர்கள் கஷ்டம் என்று சொல்வது எப்போதும் உள்ளதுதான், அதை மட்டும் வைத்து நான் ஒன்றும் முடிவு கட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு அடுத்த நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எந்த மையத்தில் சேரலாம் என்று விசாரித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

38 என்று சொன்னேன் இல்லையா, அந்த எண்ணுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மதிப்பெண், அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த 100 கேள்வியைத் திருத்தவே மாட்டார்கள். அதாவது 40 கேள்வி. இந்த விதியை நான் குறை சொல்லவில்லை, தமிழ் தெரிந்தவர்தான் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக வந்தது, நல்ல விதி. தமிழ்வழியில் படித்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதிதான் பிடிமானம். அதே பகுதி அவர்களுடைய புத்தகத்தை விட்டு வெளியே போனால், கைகொடுக்க வந்த விதி அவர்களையே தள்ளிவிடும்.

சரி, புத்தகத்துக்குள்ளேயே கடினமாகக் கேட்க முடியுமா என்றால், தாராளமாக முடியும், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்புத் தமிழில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ பாடம் இருக்கிறது. தாவரத்தின் அடிப்பகுதிக்கு எத்தனை பேர் என்று அதில் வரும். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் தாள், கீரைக்கும் வாழைக்கும் தண்டு, மிளகாய்ச் செடிக்குக் கோல், புதருக்குத் தூறு, கம்புக்கும் சோளத்துக்கும் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. இதைப் பொருத்துக என்று போட்டு, கழியையும் கழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலோட்டமாகப் புரட்டினவன் கண்டிப்பாகத் தடுமாறுவான். வரி வரியாகப் படித்தவள் நிற்பாள். இன்னும் ஒரு சந்தோஷம், எங்கள் கரிசல் காட்டில் மாட்டுக்குச் சோளத்தட்டை அள்ளிப் போட்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் பாதி வீட்டிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பாடத்தை நான் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் “எங்க வீட்ல இப்படித்தான் சொல்லுவாங்க” என்று சொல்லாமல் இருந்ததில்லை.

ஓரெழுத்து ஒருமொழியும், அதாவது ஒரே எழுத்து தனியாக நின்று பொருள் தருகிற சொல்லும், அப்படித்தான். நன்னூல் சொல்வது 42, அதில் நொ, து என்ற இரண்டும் குறில், மற்றது எல்லாம் நெடில் என்பதை எல்லாரும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். 42 என்ற எண்ணைக் கேட்டால் எல்லாரும் போட்டுவிடுவார்கள், உங்களுக்குப் பிரித்தெடுக்க முடியாது. ‘கா’ என்ற எழுத்தைச் சோலை என்ற பொருளில் ஒரு வாக்கியத்திலும் காப்பாற்று என்ற பொருளில் இன்னொரு வாக்கியத்திலும் வைத்து, எதில் என்ன பொருள் என்று கேளுங்கள். கேள்வி பாடத்துக்குள்தான் இருக்கும், ஆனால் புரிந்து படித்தவர் மட்டும் தப்பிப்பார். இப்போதைய பாடத்திட்டத்தில் இலக்கணத்துக்கு 25 கேள்வி, வாசித்துப் புரிந்துகொள்வதற்கு 15, எழுதும் திறனுக்கு 15 என்று பிரித்துத் தந்திருக்கிறார்கள். இந்த மூன்றிலும் ஒரு நல்ல ஆசிரியர் எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம், யாருடைய மெட்டீரியலும் தேவைப்படாது.

நேரத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு 54 வினாடி. வட்டத்தைக் கருப்படிப்பதும் அதற்குள்தான். 25 கணக்குக் கேள்விக்கு நேரம் தனியாக ஒதுக்க வேண்டும். ஐந்து வரி கூற்று, நான்கு வரி காரணம், அதற்கு ஐந்து தெரிவு என்று அடுத்தடுத்து வந்தால் படிக்கவே ஒரு நிமிடம் போய்விடும், யோசிக்க எங்கே நேரம். அது அறிவைச் சோதிப்பதாக ஆகாது, கண் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதைத்தான் சோதிக்கும். அப்படிப்பட்ட கேள்விகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இது சின்ன விஷயம்தான். பொது அறிவுப் பகுதி தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. முடிந்தால் கேள்வியை முதலில் தமிழில் யோசித்துத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதி மாற்றினால் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற சொல் ஒன்று, வினாத்தாளில் வருகிற சொல் வேறு என்று ஆகிவிடுகிறது, விடை தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் ஐந்தாவது வட்டமான ‘விடை தெரியவில்லை’யில் போய் நிற்கிறாள்.

இதைப் படிக்கிற யாராவது, பத்தாம் வகுப்புத் தரம் என்று அறிவித்தாலும் எழுத வருகிறவர்கள் என்ஜினியரிங்கும் எம்எஸ்சியும் படித்தவர்கள்தானே, புத்தகத்துக்குள் கேட்டால் அவர்கள் சுலபமாகப் போட்டுவிட மாட்டார்களா என்று கேட்கலாம். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டதாரிகள்தான். அவர்களும் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள், பி.இ. படித்ததால் தொகைநிலைத்தொடர் தானாக வந்துவிடவில்லை. அவர்களும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அந்தத் தங்கையும் ஒரே புத்தகத்தை ஒரே மாதிரி நெட்டுருப் போட்டு வருகிறார்கள், அந்த ஓட்டத்தில் யார் முந்தினாலும் எனக்குச் சம்மதம். புத்தகத்துக்கு வெளியே கேட்டால்தான் ஓட்டம் தொடங்குகிற கோடே ஆளுக்கு ஒரு இடத்துக்குப் போய்விடுகிறது.

அதனால் நீங்கள் கேள்வி எழுத உட்காரும்போது மேஜையில் அந்த ஐந்து வகுப்புப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்த ஒவ்வொரு தமிழ்க் கேள்விக்கும் பக்கத்தில் இது எந்த வகுப்பு, எத்தனையாவது இயல் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். குறிக்க முடியாத கேள்வி வந்தால் அதை எடுத்துவிட்டு, புத்தகத்தில் இருக்கிற ஏதாவது ஒரு இயலிலிருந்து இன்னும் கடினமாக ஒன்று எழுதுங்கள். எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும் எழுதுங்கள்.

அந்தத் தங்கைக்கு நான் அன்றைக்கு வேறு புத்தகம் எதுவும் சொல்லவில்லை. இருக்கிறதையே இன்னொரு தடவை படி என்று சொல்லி அனுப்பினேன். நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பையனுடைய ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, ஒரே ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் போனாள். அவள் புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது.

இப்படிக்கு,
பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்