கபடி விழாக் குழு அண்ணன்மாருக்கு: விளக்கைக் களத்தின் பக்கம் திருப்புங்கள்

மரியாதைக்குரிய விழாக் குழுவினருக்கு, ஊருணிப் பொட்டலில் நடக்கும் உங்கள் கபடிப் போட்டிக்கு நான்கு வருடமாகப் போட்டோ எடுக்கும் தம்பி எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் நடந்ததும், மறுநாள் குழு வாட்ஸ்அப்பில் "போட்டோகிராபர் சரியில்ல, அடுத்த வருஷம் வேற ஆளப் பாருங்க" என்று ஒருவர் போட்டதும், அதற்கு 11 பேர் கட்டைவிரல் காட்டியதும் உங்களுக்கே தெரியும். மறுபடி கிளற வரவில்லை. படங்கள் சரியில்லை என்பது உண்மை. 600 படத்துக்கு மேல் எடுத்ததில் முகம் தெரிகிற மாதிரி தேறியது 38. அந்த 38இல் பாதிக்கு மேல் பரிசளிப்பு மேடையில் எடுத்தவை. அதே கேமரா, அதே ஆள், அதே ராத்திரி, மேடைப் படம் மட்டும் எப்படிப் பளிச்சென்று வந்தது என்று ஒருவராவது கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

விளக்குகள் மேடையைப் பார்த்து நிற்கின்றன அண்ணே. நான்கு சவுக்குக் கம்பம், கம்பத்துக்கு இரண்டு போகஸ் லைட், ஆக எட்டு. அதில் மூன்று மேடைக்கும் அதன் பின்னால் இருக்கும் பிளெக்ஸுக்கும். மீதி ஐந்தும் களத்தின் ஓரத்தில் விழுகின்றன. 13 மீட்டருக்கு 10 மீட்டர் களத்தில் நான்கு மூலைக் கம்பங்களுக்கும் ரொம்பத் தூரமான இடம் எது? நடுக்கோடு. பிடிபட்டவன் நான்கு பேரை இழுத்துக்கொண்டு வந்து கையை நீட்டித் தொடப் பார்க்கிற இடமும் அதுதான். ஒரு கபடிப் படம் என்றால் அந்தப் படம்தான், அந்த இடத்தில்தான் இருட்டு.

கடைசி நிமிஷத்து ரெய்டு ஞாபகம் இருக்கும். பாடிப் போன பையன் மூன்று பேர் மேலே விழுந்தும் விரல் நுனியால் கோட்டைத் தொட்டான். நான் கோட்டுக்கு நேரே மண்ணில் குப்புறப் படுத்திருந்தேன், எனக்கும் அவனுக்கும் ஆறடிகூட இருக்காது. அந்த நேரத்தில் விழுந்தது மூன்று படம். முதல் படத்தில் முகம் கரி. இரண்டாவதில் நெற்றிக்குக் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டை. மூன்றாவது நல்ல வெளிச்சமாக விழுந்திருக்கிறது, ஆனால் அதற்குள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அந்தப் பையனின் அம்மா கண்டனூர்ப் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் சமையல் வேலை பார்க்கிறவர். மறுநாள் வேலை முடிந்து நேரே என் கடைக்கு வந்தார். பெரிய அளவில் ஒரு படம் போட்டுச் சட்டம் மாட்ட வேண்டும், எவ்வளவு ஆகும் என்று முதலில் விலைதான் கேட்டார். படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எம் மகன் எது தம்பி?" என்றார். பனியனில் எண்கூடத் தெரியவில்லை. முழங்கால் கட்டைக் காட்டி, "இதுதாம்மா" என்றேன். "ஆமா, கட்டு நான் கட்டுனதுதான்" என்றார். அப்புறம் படம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார். உங்கள் வாட்ஸ்அப் கட்டைவிரல் 11ஐயும் நான் மறந்துவிடுவேன், இதை மறக்க முடியவில்லை.

சரி, ஏன் இப்படி ஆகிறது? பாய்கிறவன் கை கையாகவே படத்தில் நிற்க வேண்டுமென்றால் கேமராவின் ஷட்டர் 1/500 விநாடிக்குள் திறந்து மூட வேண்டும், அதைவிட மெதுவாக மூடினால் விரல்கள் இழுபட்டுப் போகும். மதுரையிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த லென்ஸை வெளிச்சம் நிறைய உள்ளே வரும்படி 2.8 வரை முழுக்கத் திறந்து, இருட்டிலும் படம் விழ வைக்கிற ஐஎஸ்ஓவை 12800க்கு ஏற்றியும் நடுக்கோட்டில் போதவில்லை. அது முதல் தொல்லை. இரண்டாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாது. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, மலிவு எல்இடி போகஸ் லைட்டுக்கு உள்ளே கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற ஒழுங்கான டிரைவர் இல்லையென்றால் அது சுற்றுக்கு இரண்டு தடவையாக விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும். பழைய மெர்குரி லைட்டும் அப்படித்தான். பார்க்கிற நமக்கு ஒன்றும் தெரியாது, 1/500 விநாடிக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் மங்கின நேரத்தில் மாட்டிக்கொண்டால் முகம் கரி, பாதி நேரத்தில் மாட்டினால் பட்டை. ஷட்டரை 1/100 விநாடிக்கு மெதுவாக்கினால் பட்டை போய்விடும், கூடவே பையனும் கலங்கிப் போய்விடுவான். இந்த மினுக்கலைக் கவனித்து வெளிச்சமான நேரம் பார்த்துப் படம் எடுக்கிற வசதியைக் கேனான் 2014இலேயே செவன் டி மார்க் 2 கேமராவில் கொடுத்துவிட்டது. என் கேமரா அதைவிடப் பழையது. நீங்கள் தரும் சம்பளத்தில் அது இன்னும் பழையதாகத்தான் ஆகும்.

வயர்மேன் அண்ணனிடம் கேட்டேன். மும்முனைக் கரண்டில் வருகிற மூன்று லைனில், அதாவது மூன்று பேஸில், எட்டு விளக்கையும் ஒரே பேஸில் போட்டதாகச் சொன்னார். மைக்செட்டில் இரைச்சல் வராமல் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அதற்குத் தனிப் பேஸ், சீரியல் செட்டுக்கு இன்னொரு பேஸ். நல்ல ஏற்பாடு. ஆனால் மும்முனைக் கரண்டில் மூன்று பேஸும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் வரும். ஒரே இடத்தில் விழுகிற விளக்குகளை மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்தால் ஒன்று மங்கும்போது மற்றது தாங்கிக்கொள்ளும். புது விளக்கு ஒன்றுகூட வாங்க வேண்டாம். இருக்கிற எட்டையும் களத்தின் பக்கம் திருப்பி, மூன்று பேஸிலும் பிரித்துப் போடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் உங்கள் போனிலேயே ஸ்லோமோஷன் வைத்து விளக்கு வெளிச்சத்தில் யாரையாவது நடக்கச் சொல்லி வீடியோ எடுத்துப் பாருங்கள், மினுக் மினுக்கென்று துடிப்பது தெரியும்.

பிளாஷ் போட வேண்டியதுதானே என்று ஒருவர் கேட்டார். பாடிப் போகிறவன் கண்ணில் பளிச்சென்று அடித்தால் அவன் என்ன செய்வான்? நடுவர் வேண்டாம் என்றது நியாயம். சாப்ட்வேரில் சரிசெய்யலாமே என்று இன்னொருவர். செய்து பார்த்தேன், அந்தப் பையன் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிட்டது. அந்த அம்மாவிடம் அதையும் காட்டியிருந்தால் முழங்கால் கட்டையும் அடையாளம் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் மாலை 4 மணி என்று போட்டிருந்தது. 4 மணிக்கே ஆரம்பித்திருந்தால் ஊருணி மேல் சாய்கிற வெயிலில் பாதி ஆட்டத்தை விளக்கே இல்லாமல் அழகாக எடுத்திருப்பேன், செம்மண் புழுதிக்கு அந்த வெயில் அப்படிப் பொருந்தும். சிறப்பு விருந்தினர் 7 மணிக்கு வந்தார், 8 மணி வரை பொன்னாடை. பொன்னாடைகளின் ஜரிகை இழைகூட என் படத்தில் எண்ணுகிற மாதிரி விழுந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். கானாடுகாத்தானில் சினிமாக்காரர்கள் வந்தால் நடுராத்திரியில் ஒரு வீதியையே பட்டப்பகலாக்குகிறார்கள், நாமும் வாய் பார்க்கிறோம். அந்த வீதியில் இருக்கிற செட்டிநாட்டு வீடுகளைக் கட்டின நம் பாட்டன்மார் வீட்டுக்கு நடுவே முற்றம் விட்டு எவ்வளவு உள்ளே இருந்தாலும் முகம் பார்க்க வெளிச்சம் கொண்டுவந்தார்கள். நாம் எட்டு விளக்கை வைத்துக்கொண்டு பிளெக்ஸில் இருக்கிற, ஏற்கெனவே நன்றாகப் பிரிண்ட் ஆன முகங்களுக்கு வெளிச்சம் அடிக்கிறோம். அந்த முகங்களில் உங்கள் முகமும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும். வருடா வருடம் கைக்காசு போட்டு, வெளியூர் அணிகளுக்குச் சோறு போட்டு, கூட்டத்தைக் கட்டி மேய்த்து நீங்கள் படுகிற பாடு பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த போட்டிக்குக் கம்பம் நட்ட அன்றைக்கே, இருட்டின பிறகு ஒரு மணி நேரம் என்னை வரச் சொல்லுங்கள். வேறு போட்டோகிராபரை முடிவு செய்திருந்தாலும் பரவாயில்லை, அவருக்காகவும் வருகிறேன். வயர்மேன் அண்ணன் பேஸைப் பிரிக்கட்டும், பையன்கள் இரண்டு பேர் நடுக்கோட்டில் நிற்கட்டும், எந்த விளக்கை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கேமராவில் பார்த்துச் சொல்கிறேன். அதற்குச் சம்பளம் வேண்டாம். தயவுசெய்து விளக்கைக் களத்தின் பக்கம் திருப்புங்கள்.

மேடைக்கு ஒரு டியூப்லைட் போதும்.

படம் சரியில்லை என்று பிடித்து வைத்திருக்கிற பாதிச் சம்பளத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப் போவதில்லை. பொருளாளர் அண்ணனை வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறேன்.