அந்த அம்புக்குறிய மாத்திப் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க. போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல ஒரு படம் வந்துச்சு. புல்லு, வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு, அப்புறம் கழுகு செத்து மண்ணாகி மறுபடி புல்லு, சுத்தி வட்டமா அம்புக்குறி, நடுவுல ‘ஆற்றல் சுழற்சி’ன்னு கொட்டை எழுத்து. கொழிஞ்சாம்பாறையில தமிழ் மீடியம் படிக்கிற எம் பேத்தி அதை அப்படியே வெட்டி ப்ராஜெக்ட் நோட்டுல ஒட்டி எடுத்துட்டு லீவுக்கு வந்துட்டா, “அப்புச்சி, சரியா இருக்குதா?”ன்னு வேற கேக்கறா. சரியில்லைங்க. சுத்தறது சத்து. எனர்ஜி சுத்தாது.

நான் அந்தக் காலத்துல பி.எஸ்சி. பாட்டனி முடிச்சுட்டு தோப்புல உக்காந்தவன், கேரளா எல்லையில இருக்கற கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ரெண்டு ஏக்கரா தென்னை. குரும்பையும் எளநியும் ஓட்டை போட்டுத் திங்கற எலி எங்க தோப்புல எண்ண முடியாது, அதைப் புடிக்கிற கூகை ஒரே ஜோடிதான், பத்து ஜோடி ஏன் இல்லைன்னு பேத்திகிட்ட கேட்டேன், முழிச்சா. எலி தின்ன காயில முக்காவாசிக்கு மேல அது ஓடறதுக்கும் மூச்சு விடறதுக்கும் சூடாவே போயிடுதுங்க, எலி உடம்புல தங்கினதுதான் கூகைக்கு. தோராயமா பத்துல ஒரு பங்குன்னு சொல்லுவாங்க, கறாரா எடுக்க வேண்டாம், அஞ்சு சதவீதமும் இருக்கும் இருவதும் இருக்கும். அமெரிக்காவுல லிண்டெமன்னு ஒருத்தர் மின்னசோட்டாவுல ஒரு சின்ன ஏரிய வருஷக்கணக்குல அளந்து பார்த்து 1942-ல இதை எழுதினார், பாவம் அச்சுல வர்றதுக்குள்ள செத்துட்டார், 27 வயசு கூட நிறையலை. அந்தச் சூடு திரும்ப எந்த இலைக்குள்ளயும் போகாதுங்க. நாளைக்குப் பொழுது கிளம்பினாத்தான் புது வரவு.

சத்து அப்படியில்லை, அதுக்கு மேல இருந்து தெனமும் வரவு கிடையாது. தழைச்சத்தாவது, அதாங்க நைட்ரஜன், காத்துல 78 சதவீதம் கிடக்குது, கொளுஞ்சியோ சணப்போ வெதைச்சா வேர் முடிச்சுல இருக்கற பாக்டீரியா புடிச்சுக் குடுக்கும். மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்துக்கும் (பொட்டாஷ்) அந்த வழியே இல்லை, மண்ணுல இருக்கறது மரத்துக்குப் போயி மறுபடி மண்ணுக்கு வந்தாத்தான் உண்டு. எங்க அப்பாரு காலத்துல ஓலை, பாளை, உரிமட்டை எல்லாமே வட்டப்பாத்தியிலதான் கிடக்கும், மட்டைய குழி எடுத்துப் புதைப்பாங்க, ஈரம் நிக்கறதுக்குன்னு சொல்லுவாங்க, ஆனா சத்தும் அங்கயே நின்னுச்சு. இப்ப ஓலைய தீ வைக்கறோம், தழைச்சத்து புகையாப் போயிடுது, மிச்ச சாம்பலை ஒரு மழை அடிச்சுட்டுப் போகுது. சாணி கூட லாரி ஏறி செக்போஸ்ட் தாண்டுது, அதை வித்த காசுல உர மூட்டை வாங்கறோம், இதுல நானும் சேர்த்திதான்.

மட்டை கதைதான் பெரிய கூத்து. தென்னை மண்ணுல இருந்து அதிகமா எடுக்கறது பொட்டாஷ், அதுல பெரும்பங்கு போயி உக்கார்றது மட்டையில. அந்த மட்டைய மில்லுக்கு ஏத்தி விட்டுடறோம். அங்க நார் எடுத்த பிறகு மிஞ்சற தூளை, பித்துன்னு சொல்லுவோம், வெளிநாட்டுக்குக் கட்டியா அழுத்தி அனுப்பணும்னா உப்பு இருக்கக் கூடாது, உப்பை அளக்கற இ.சி. அளவு 0.5-க்குக் கீழ வரணும்னு தண்ணி விட்டு அலசறாங்க. அந்த உப்புல ஒரு பெரிய பங்கு என்னன்னு நினைக்கறீங்க, எங்க பொட்டாஷ்தானுங்க! அலசின தண்ணி கட்டங்காப்பி நிறத்துல பள்ளத்துல எறங்குது, பக்கத்துக் கெணத்துல வாயில வைக்க முடியலை. ஒரு மில்லுப் பேரையும் சொல்லி வம்பு வாங்க நான் வரலை. ஆனா கணக்கைப் பாருங்க, வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி மரத்துக்கு வருஷம் 2 கிலோ பொட்டாஷ், எனக்கு 140 மரம், 280 கிலோ, கிட்டத்தட்ட ஆறு மூட்டை, அதுவும் கப்பல்ல வர்ற சரக்கு. மரத்துக்கு உரமா இருந்தது கெணத்துக்கு விஷமாயிருச்சு, எடம் மாறினதுதான் வித்தியாசம். ஒரு டன் பித்துக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் போட்டு மக்க வைக்கற முறைய அதே பல்கலைக்கழகம்தான் சொல்லிக் குடுத்துச்சு, நான் ரெண்டு வருஷமா போடறேன், ஆனா பித்தை மில்லுல காசு குடுத்துத்தான் வாங்கியாகணும், எம் மட்டைய எனக்கே விக்கறாங்க.

இதெல்லாம் பேத்திக்கு சொன்னப்புறம் நோட்டுல இருந்த படத்தைக் கிழிச்சுட்டு அவளே வரைஞ்சா. சத்துக்கு பச்சை பேனாவுல வட்டம், எனர்ஜிக்கு சிவப்புல சூரியன்ல இருந்து நேரா ஒரு கோடு, ஒவ்வொரு பிராணிகிட்டயும் கோடு மெலிஞ்சுகிட்டே போகுது, பக்கவாட்டுல சின்னச் சின்ன அம்பு, ‘சூடு’ன்னு எழுதியிருக்கா. பச்சை வட்டத்துல ஒரு எடத்துல மட்டும் லாரி ஒண்ணு நிக்குது.

ஃபோட்டோ எடுத்து இதோட வெச்சிருக்கேன். அரைப் பரீட்சைக்கு முன்னாடி அதே பக்கத்துல திருத்தம் போடுங்க, லாரிய எடுத்துடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயி,
கோபாலபுரம் பக்கம், பொள்ளாச்சி.