லிப்டில் நாய்க்கு இடமில்லையா?

ஆசிரியருக்கு,

கோவையை ஒட்டி, முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பில் நானும் மனைவியும் இருக்கிறோம். பொதுச் சமையலறைச் சாப்பாடு, குளியலறையில் கைப்பிடி, அவசர மணி எல்லாம் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே 14 வயது நாட்டு நாய் கருப்பன். பின்னங்கால் மூட்டு தேய்ந்து, வழுவழு டைல்ஸில் கால் விரிந்து அப்படியே உட்கார்ந்துவிடும். அதனால் கட்டிலிலிருந்து வாசல்வரை சாக்கு விரித்து வைத்திருக்கிறோம்.

"நம்ம மூட்டுவலி மாத்திரையில் பாதி கொடுங்களேன்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், பரிவோடுதான். தயவுசெய்து யாரும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்து. கால்நடை மருத்துவர் எழுதித் தருவது மட்டும்தான் சரி.

இப்போது புதுத் தலைவலி: நாயை லிப்டில் ஏற்றக் கூடாதென்று குடியிருப்போர் சங்கம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. 18 கிலோ நாயை இந்த வயதில் யார் தூக்கி இறங்குவது? வளர்ப்புப் பிராணிகளை லிப்டில் ஏற்றத் தடை போடக் கூடாதென்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. சங்கத்தார் அதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அசுத்தமானால் நாங்களே துடைக்கிறோம், அதில் வம்பில்லை. அப்புறம், நாயென்றால் பயப்படும் பெரியவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் போகட்டும்; நாங்கள் அடுத்த தடவை ஏறிக்கொள்கிறோம்.

- ஒரு வாசகர், கோவை