குரங்குத் தொல்லையும் ஆஸ்திரேலிய முயல்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் செல்லும் வழியில் தொல்லை தரும் குரங்குகளைச் சுட்டுவிட வேண்டும் என்று பலரும் பேசிக்கொள்கிறார்கள். சென்ற வாரம் படிக்கட்டில் ஒரு கடுவன், மூதாட்டி ஒருவரின் அர்ச்சனைத் தட்டைத் தட்டிவிட்டுத் தேங்காய் மூடியைக் கவ்விக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். பாவம், அந்த அம்மாவின் கை வெகுநேரம் நடுங்கியது.

ஆனாலும் கொல்வது மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் காட்டு முயல்களே சாட்சி. 1859இல் விக்டோரியாவில் வேட்டைக்காக விடப்பட்ட சுமார் 24 முயல்களின் வழிவந்தவை கண்டத்தின் பெரும்பகுதிக்குப் பரவின. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907இல் கட்டி முடித்த நெடுவேலியும் அவற்றைத் தடுக்கவில்லை. 1950இல் பரப்பப்பட்ட மிக்சோமா கிருமி கோடிக்கணக்கான முயல்களைக் கொன்றபோதிலும், எஞ்சியவை எதிர்ப்பாற்றல் பெற்று மீண்டும் பெருகின. வளைகளை உழுது அழித்து, அவை ஒண்ட இடமில்லாமல் செய்த நிலங்களில்தான் பலன் நீடித்தது.

நம் நீள்வால் குரங்குகளோ அந்த முயல்களைப் போல வெளியிலிருந்து வந்தவை அல்ல, இந்த மலைக்காட்டுக்கே உரியவை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022இல் அவற்றை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவித்தது. காட்டில் பழமும் இலையும் தேடித் தின்றவற்றுக்குக் கடலையும் வாழைப்பழமும் நீட்டி மனிதர் மீதிருந்த பயத்தைப் போக்கியவர்கள் நாம்தான். எனவே, உணவளிப்போருக்குத் தயங்காமல் அபராதம் விதிக்கவும், குரங்கால் திறக்க முடியாத மூடியுள்ள குப்பைத்தொட்டிகளை வைக்கவும், எஞ்சிய பிரசாதத்தை அன்றன்றே அகற்றவும் உரியவர்கள் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு