செயலாளரின் ஆண்டறிக்கை: எலிக் கட்டுப்பாட்டுப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, குடியிருப்போரே, வணிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

எலித் தொல்லை குறித்துச் சென்ற பொதுக்குழுவில் வந்த முறையீடுகளை அடுத்து, இவ்வாண்டுப் பணியில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கினோம். மற்ற பணிகள் வழக்கம்போல் நடந்தன. விவரம் குறிப்பேட்டில் உள்ளது.

மருந்து வைத்து எலிகளைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. எலி சினைப்பட்டு 21 முதல் 23 நாட்களில் ஈனும். ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 குட்டிகள். அவையும் இரண்டு மூன்று மாதத்தில் ஈனத் தயாராகிவிடும். தீனியும் பதுங்க இடமும் அப்படியே இருந்தால், செத்தவற்றின் இடத்தைப் பக்கத்து வளாகத்து எலிகள் பிடித்துக்கொள்ளும். ஒரே வீட்டார் மட்டும் பொறி வைத்துப் பயன் கிடைக்காமல் சலித்துப்போவது இதனால்தான். எனவே தெருவின் இரு பக்கத்தையும் பின்பக்கச் சந்தினையும் ஒரே வாரத்தில் சேர்த்துச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

வந்திருப்பது எந்த எலி என்று பார்ப்பதே முதல் வேலை. புழுக்கை அதைச் சொல்லிவிடும். 18 முதல் 20 மி.மீ. நீளமும் மழுங்கிய முனையும் இருந்தால் மண்ணிலும் சாக்கடையிலும் வளை தோண்டும் எலி. 12 மி.மீ. அளவில் முனை கூராக இருந்தால் கூரை எலி. அதற்குத் தரையில் பொறி வைப்பது வீண், பரணிலும் குழாய் மேலும் உத்தரத்திலும் வைக்க வேண்டும். அரிசி அளவிலிருந்தால் சுண்டெலி. எந்த வளையில் நடமாட்டம் இருக்கிறது என்று அறிய, கசக்கிய காகிதத்தால் வாயை அடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். காகிதம் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே எலி உண்டு. சுவரோரம் கறுத்துப் பிசுக்கேறிய தடம் அது தினமும் ஓடும் வழி.

அடைப்பு வேலையில்தான் அதிகக் கவனம் வேண்டும். சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளி போதும், எலிக்குட்டி 12 மி.மீ. ஓட்டையில் நுழைந்துவிடும். பலர் தேடாமல் விடும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் கழிவுக்குழாய் சுவருக்குள் போகும் துளை. குழாயை விடப் பெரிதாக உடைத்து அப்படியே விட்டிருப்பார்கள். இன்னொன்று, கடை ஷட்டரின் பக்கத் தடம் தரையைத் தொடும் மூலை. அங்கே ரப்பர் பட்டை ஒட்டினால் ஓரிரு இரவில் கொறித்துவிடும். இரும்புத் தகடுதான் நிற்கும். நுரை அடைப்பானும் தனியாகத் தாங்காது. துளைக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி நூலைத் திணித்து, மேலே ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூச வேண்டும். சாதாரணக் கம்பி நூல் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். பூச்சு இறுகுவதற்குள் எலி சுரண்டி எடுத்துவிடும் என்பதால் கம்பி வலையைப் பதிக்காமல் வெறும் சிமெண்டு பூசாதீர்கள். காற்றுத் துளைகளுக்கு 6 மி.மீ.க்குக் குறைவான கண் உள்ள வலை வேண்டும். கூரையைத் தொடும் மரக்கிளைகளை ஒரு மீட்டருக்கு மேல் விலகும்படி வெட்ட வேண்டும்.

உள்ளே எலி இருக்கும்போதே எல்லா வழியையும் அடைத்துவிட்டால் அது சுவருக்குள்ளேயே செத்து நாறும். ஆகவே முதலில் பொறி, பிறகு கடைசி ஓட்டை.

பழக்கமில்லாத பொருளை எலி சில நாட்கள் நெருங்காது. அதனால் பொறியை விசை ஏற்றாமல் நிலக்கடலையுடன் மூன்று முதல் ஐந்து நாட்கள் வைத்து, தின்னப் பழகியபின் ஏற்றுங்கள். பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை இருக்கும் முனை சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். ஒன்றிரண்டு போதாது, ஓடும் வழி முழுக்க 3 முதல் 6 மீட்டருக்கு ஒன்றாக ஒரே இரவில் ஏற்றுவதே பலன் தரும். மின்சாரத்தில் சத்தம் எழுப்பும் கருவிகளைச் சங்கம் வாங்கவில்லை. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, எலியும் விரைவில் பழகிவிடும்.

விஷம் கடைசி வழியாகவே இருக்கட்டும். புரோமாடியோலோன், புரோடிஃபகூம் கட்டிகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை. எலி சாகச் சில நாட்களாகும். இவற்றுக்கு வைட்டமின் கே1 மாற்று மருந்து. துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து கிடையாது. குறைவாகத் தின்று பிழைத்த எலி அந்த இரையை மறுபடி தொடாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசையைத் தயவுசெய்து எந்த வீட்டிலும் வைக்காதீர்கள். அது ஈரலைச் செயலிழக்கச் செய்யும், அதற்கும் மாற்று மருந்து இல்லை. குழந்தைகள் இருக்கும் இடத்தில் எந்தக் காரணத்தாலும் அனுமதிக்க முடியாது. எந்தக் கட்டியானாலும் பூட்டுள்ள பெட்டிக்குள் கம்பியில் கோத்து வையுங்கள். செத்த எலியை அன்றன்றே எடுங்கள். அதைத் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் ஏறும்.

சுத்தம் செய்யும்போது புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. தூசியோடு கிருமி மூச்சில் ஏறும். அரை மணி நேரம் சன்னல்களைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுடன் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலிலுள்ள காயம் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும் என்பதால், சாக்கடை ஓரம் வேலை செய்பவர்களுக்கு முழங்கால் வரை ரப்பர் காலணி கட்டாயமாக்கியுள்ளோம்.

கிடங்கு வைத்திருப்போர் மூட்டைகளைத் தரையிலிருந்து 15 செ.மீ., சுவரிலிருந்து 45 செ.மீ. விலக்கி அடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் வெள்ளைப் பட்டை அடித்தால் புழுக்கை உடனே கண்ணில் படும். குப்பைத் தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும். வடிகால் அடிக்கடி அடைபடுகிறது என்பதற்காக அதன் கம்பித் தட்டைக் கழற்றி வைப்பது இன்னும் சில கடைகளில் தொடர்கிறது. அதை நிறுத்தியாக வேண்டும்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைக்கும் வேலை ஒன்றே. உடைந்த கழிவுநீர்த் தொட்டி மூடிகளை மாற்றி, பயன்பாட்டில் இல்லாத பழைய குழாய் வாய்களைக் கான்கிரீட்டால் அடைத்து, பொதுச் சாக்கடையோடு சேரும் குழாய்களில், நீரை வெளியே விட்டு எலியை உள்ளே விடாத ஒருவழித் தடுப்பு பொருத்துவது. இதற்கான மதிப்பீட்டை வரவு செலவு அறிக்கையுடன் பொருளாளர் இப்போது சமர்ப்பிப்பார்.