மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுத்தாள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், வேலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உன் மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியை வாசித்துக் காட்டினேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். புதுத் தளத்துக்கு லாகின் பக்கம் வடிவமைக்கிறாய். பாதுகாப்புக் குழு பெரிய எழுத்து, எண், சிறப்புக்குறி எல்லாம் கட்டாயம் என்கிறது. 90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும், ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ள வேண்டும் என்கிறது. இவ்வளவு படுத்தினால் யார் வருவார்கள் என்று நீ சண்டை போடுகிறாய். பாதுகாப்பை ஒரு தட்டிலும் வசதியை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அந்தத் தராசின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

போன மாதம் அம்மா ஒரு தளத்தில் விண்ணப்பம் நிரப்பினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், கை வைக்கவில்லை. பாஸ்வேர்டுகளை உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற செயலியை அவருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவே உருவாக்கிய 20 எழுத்துப் பாஸ்வேர்டு, யாராலும் ஊகிக்க முடியாதது. ஆனால் அந்தத் தளத்தின் பெட்டியில் பேஸ்ட் செய்ய முடியவில்லை, வேண்டுமென்றே தடுத்திருந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். திரையில் தெரிந்ததோ கரும்புள்ளிகள் மட்டும், எங்கே தவறினோம் என்று பார்க்க வழியில்லை. மூன்றாவது தவறில் கணக்கைப் பூட்டிவிட்டது. திறக்க ஓடிபி வேண்டும். குறுஞ்செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கம் புதிதாக ஏறி, எல்லாப் பெட்டியும் காலி. இப்படி இரண்டு தடவை.

கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றினார். என் பெயர், என் பிறந்த வருடம், முடிவில் ஓர் ஆச்சரியக்குறி. 'மிக வலுவானது' என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டியது தளம். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். எனக்கு மனசே ஆறவில்லை. நல்ல பூட்டோடு வந்தவரைத் தளத்தின் விதிகளே ஓட்டைப் பூட்டுக்குத் தள்ளிவிட்டன. இதற்கு அவரைக் குறை சொல்ல முடியுமா?

உன் பாதுகாப்புக் குழுவிடம் பேச உனக்குச் சில விவரம் தருகிறேன். அவர்கள் கேட்கும் விதிகள் பெரும்பாலும் 2004இல் நிஸ்ட் என்ற அமெரிக்கத் தரநிலை நிறுவனம் வெளியிட்ட ஆவணத்திலிருந்து பரவியவை. பில் பர் என்பவர் அதில் அந்தப் பகுதியை எழுதினார். 2017இல் அதே நிறுவனம் அவற்றைக் கைவிட்டது. எழுத்துக் கலவையைக் கட்டாயப்படுத்த வேண்டாம், பாஸ்வேர்டு கசிந்ததற்கு ஆதாரம் இருந்தால் ஒழிய மாற்றச் சொல்ல வேண்டாம், பேஸ்ட் செய்ய விடுங்கள், குறைந்தது 8 எழுத்து கேளுங்கள், 64 எழுத்து வரையாவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது. தான் அன்று செய்ததில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக பில் பர்ரும் அந்த ஆண்டே ஒரு பேட்டியில் சொன்னார். மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவார்கள், அவ்வளவுதான். உன் அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பார்.

பாதுகாப்பு எளிதாகவும் இருக்க வேண்டும் என்பது இன்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1883இல் கெர்க்காஃப்ஸ் என்பவர் ராணுவச் சங்கேத முறைக்கு ஆறு நிபந்தனைகள் எழுதினார். கையாள எளிதாக இருக்க வேண்டும், நீண்ட விதிப்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்கக் கூடாது என்பது அதில் ஆறாவது. தந்திக் காலத்து மனிதருக்கு இது தெரிந்திருக்கிறது!

அப்படியானால் பாரத்தை யார் சுமப்பது? சர்வர் சுமக்கட்டும். கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு நீயே ஒப்பிடலாம். பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கும், திருப்பிப் பாஸ்வேர்டாக்க முடியாத எழுத்துக்கோவைக்கு ஹாஷ் என்று பெயர். கசிந்தவற்றின் பட்டியல் வைத்திருக்கும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவைக்கு அந்த ஹாஷின் முதல் 5 எழுத்தை மட்டும் அனுப்பினால் போதும். அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹாஷ்களின் மிச்சத்தையும் அது திருப்பி அனுப்பும், ஒப்பிடும் வேலை உன் பக்கத்திலேயே முடிந்துவிடும். முழுப் பாஸ்வேர்டு எங்கும் போகாது. தவறான முயற்சிகள் கூடக்கூட அடுத்த முயற்சிக்குக் காத்திருக்கும் நேரத்தை நீட்டு. மூன்றே தவறில் பூட்டுவது கொடுமை. சேமிக்கும்போது ஆர்கான்2 மாதிரி வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ் போடு. இதில் எதுவும் பயனர் கண்ணில் படப்போவதில்லை.

ஓடிபிக்கு ஆறு தனிப் பெட்டி வேண்டாம், ஒரே பெட்டி போதும். பக்கத்தின் நிரலில் அந்தப் பெட்டிக்கு உள்ள ஆட்டோகம்ப்ளீட் (தானாக நிரப்புதல்) பண்பில் 'ஒன்-டைம்-கோட்' என்று ஒரு சொல் சேர்த்தால் பல ஃபோன்கள் தாமே எண்ணை எடுத்துக் கொடுக்கும். பாஸ்வேர்டைக் காட்டும் கண் பொத்தானை மறந்துவிடாதே. வெளியேற்றுவதற்கு முன் எச்சரிக்கை கொடு. ஒரே தட்டில் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி விட வேண்டும் என்று, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைக்கச் சொல்லும் வலை அணுகல் வழிகாட்டியே சொல்கிறது. நிரப்பியது மட்டும் எந்தக் காரணத்துக்கும் அழியக் கூடாது.

உன் பக்கத்திலும் ஒன்று எனக்கு ஒப்பவில்லை. "எங்குமே தடை கூடாது" என்று எழுதியிருந்தாய். தடை வேண்டிய இடம் உண்டு. ஃபோன் எண்ணை மாற்றும்போது, பணம் வெளியே போகும்போது, கணக்கை அழிக்கும்போது ஒரு தரம் நிறுத்திக் கேட்கத்தான் வேண்டும். வாசலில் பத்து தடவை மறித்துவிட்டு இங்கே சும்மா விடும் தளங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதே போல 'இந்த மின்னஞ்சலில் கணக்கு இல்லை' என்று காட்டுவது உதவி மாதிரி தெரியும். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று திருடன் சலித்தெடுக்கவும் அது உதவும். மருத்துவம் மாதிரி அந்தரங்கமான தளமானால் கூடவே கூடாது. 'மின்னஞ்சலோ பாஸ்வேர்டோ தவறு' என்று பொதுவாகச் சொல்லிவிடு.

முடிந்தால் பாஸ்கீயையும் சேர். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஃபோனிலோ கணினியிலோ இருக்கும் மின்சாவி அது. அதற்கான வெப்ஆத்தன் என்ற தரம் 2019இலேயே வந்துவிட்டது. விரலோ முகமோ காட்டினால் போதும், நினைவில் வைக்க எதுவும் இல்லை. அந்தச் சாவி தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பதால், அச்சு அசலாக ஒரு போலிப் பக்கம் செய்தாலும் அங்கே வேலை செய்யாது. இப்படிப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றும் ஃபிஷிங்குக்கு இவ்வளவு நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. ஃபோன் தொலைந்தால் என்ன வழி என்பதை மட்டும் முதலிலேயே யோசித்து வை. மீட்கும் வழி லேசாக இருந்தால் திருடன் அந்த வழியாகத்தான் வருவான்.

மாதிரிப் பக்கம் தயாரானதும் இணைப்பை அனுப்பு. அம்மாவை உட்காரவைத்து, முன்போலவே கை வைக்காமல் பார்க்கிறேன். எந்தப் பெட்டியில் அவர் விரல் தயங்குகிறது என்று ஒன்று விடாமல் எழுதி அனுப்புகிறேன். மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்